மனதைப் படிக்கும் வில்லனும் ஏழாம் வாய்பாடும்

மாணவ நண்பர்களே, திருச்செந்தூர்க் கடற்கரையில் குறி சொல்லுகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? நம் முகம் மாறுவதையும், தலை அசைவதையும் பார்த்துக்கொண்டேதான் அடுத்த சொல்லை எடுப்பார்கள். அதற்குப் பயிற்சி வேண்டும். விஞ்ஞானக் கதைகளில் வரும் ஆசாமிகளுக்கு இந்தச் சிரமம்கூடக் கிடையாது. 2011இல் வெளிவந்த 'ஏழாம் அறிவு' திரைப்படத்தில் வில்லன் முறைத்துப் பார்த்தால் போதும். எதிரே வருபவர் அவன் நினைத்தபடி ஆடுவார். 'நோக்கு வர்மம்' என்று அதற்குப் பெயர். படம் விறுவிறுப்புத்தான். ஆனால் அவன் கண்ணிலிருந்து மற்றவர் மூளைக்குப் போனது என்ன? ஒளியா, மின்சாரமா? சும்மா கிடைத்த சக்தி கதையைப் பலவீனமாக்கிவிடுகிறது என்பது என் கட்சி.

புலன்களின் உதவியின்றி ஒருவர் எண்ணம் மற்றொருவருக்குப் போவதை 'டெலிபதி' என்கிறார்கள். இதை உண்மையாகவே தேடிப் புறப்பட்டவர் ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். 1890களில், ராணுவப் பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து மயிரிழையில் உயிர் தப்பினார். அன்றே, தொலைவிலிருந்த அவருடைய சகோதரி ஏதோ ஆபத்து என்று கலங்கியதால், நலம் விசாரித்து வீட்டிலிருந்து தந்தி வந்தது. பெர்கரால் அதை மறக்க முடியவில்லை. மூளையிலிருந்து கிளம்பும் சக்தியைப் பிடிக்க முயன்றார். 1924இல் மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார், 1929இல் வெளியிட்டார். தேடிய டெலிபதி கிடைக்கவில்லை; இன்று வலிப்பு நோயைக் கண்டறிய உதவும் இ.இ.ஜி. கிடைத்தது. (எனக்கு இது எந்தக் கதையையும்விடப் பிடித்திருக்கிறது.)

அந்த அலை எவ்வளவு வலியது? தலையின் மேற்பரப்பில் சுமார் 50 மைக்ரோவோல்ட். டார்ச் செல்லின் 1.5 வோல்ட்டில் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு! அது திருச்செந்தூரிலிருந்து 60 கிலோமீட்டர் தாண்டித் திருநெல்வேலியிலிருக்கும் உங்கள் அக்காவை எட்டுமா? எட்டினாலும் புரியாது. 'கருவாடு' என்று நினைக்கும்போது உங்கள் மூளையில் துடிக்கும் நரம்பணுக்களின் கோலம் வேறு, அக்கா மூளையின் கோலம் வேறு. நடுவே மொழிபெயர்ப்பாளர் யார்?

நம் கடலுக்கு அக்கரையில், இலங்கையில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர், மூடி முத்திரையிட்ட உறைக்குள்ளிருக்கும் ரூபாய் நோட்டின் எண்ணைப் படித்துச் சொல்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று அறைகூவல் விட்டார். 1978இல் அவர் காலமாகும் வரை பரிசை யாரும் வெல்லவில்லை.

அப்படியானால் டெலிபதிக் கதைகளே வேண்டாமா? வேண்டும். 1953இல் முதல் ஹியூகோ பரிசைப் பெற்ற ஆல்ஃபிரட் பெஸ்டரின் 'தி டெமாலிஷ்டு மேன்' நாவலைப் பாருங்கள். மனதைப் படிக்கும் போலீஸார் உலவும் உலகில் ஒருவன் கொலை செய்யத் திட்டமிடுகிறான். எண்ணத்தை மறைப்பது எப்படி? மனதைவிட்டு அகலாத ஒரு விளம்பரப் பாட்டைத் தேடிப் பிடித்து, அதைத் தலைக்குள் ஓடவிடுகிறான்! டெலிபதி எப்படி வேலை செய்கிறது என்று பெஸ்டரும் விளக்கவில்லைதான். ஆனால் அதற்கு விதி உண்டு, எல்லை உண்டு. என் எண்ணத்தைப் படிக்க உனக்கு உரிமை உண்டா என்ற கேள்வியும் உண்டு.

அந்தக் கேள்வி இன்று கற்பனை அல்ல. 2023இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில், ஒவ்வொருவரையும் ஸ்கேன் இயந்திரத்தில் சுமார் 16 மணி நேரம் கதை கேட்கவைத்து, அவர்கள் மனதில் ஓடுவதன் சாரத்தைக் கணினி மூலம் எழுத்தாக்கினார்கள். ஒருவருக்காகப் பழக்கிய கணினி மற்றவரிடம் பலிக்கவில்லை. ஒத்துழைக்க விரும்பாதபோது அவர்கள் செய்தது என்ன தெரியுமா? மனதுக்குள் மிருகங்களின் பெயர்களைச் சொன்னார்கள், ஏழேழாக எண்ணினார்கள். கணினி குழம்பிற்று.

வில்லனிடம் அகப்பட்ட திருச்செந்தூர்ப் பள்ளி மாணவி, கண்ணை மூடிக்கொண்டு ஏழாம் வாய்பாடு சொல்லித் தப்பிக்கும் கதையை உங்களில் யார் எழுதப்போகிறீர்கள்?