எண்களில் எழுதிய கடிதங்கள்



கணிப்பொறிக் கல்வி பயிலும் கனகசெட்டிக்குளத்து இளைஞர் ஒருவர் நமக்கு ஒரு வினா விடுத்துள்ளார்: "சுவாமி, சங்கேதத்தில் எழுதிய தாள் மட்டும் கையில் கிடைக்கிறது. திறவுகோல் இல்லை, எழுதியவரும் இல்லை. அது எம்முறையில் மறைக்கப்பட்டது என்று தாளை மட்டும் பார்த்துச் சொல்ல இயலுமா?"

நல்ல வினா. பூட்டைத் திறக்குமுன் அது எவ்வகைப் பூட்டு என்றறிய வேண்டுமன்றோ?

தமிழிலேயே தொடங்குவோம். 'கடல்' என்னும் சொல்லைத் திருப்பி 'ல்டக' என்றெழுதினால், இலக்கணம் கற்ற பள்ளிச் சிறுவனும் பிடித்துவிடுவான். மெய்யெழுத்துத் தமிழ்ச் சொல்லுக்கு முதலாகாது. தாள் முழுவதும் சொற்கள் மெய்யில் தொடங்குமாயின், எழுத்துகள் அவையேதான், இடம் மட்டும் மாறியிருக்கிறது என்று கருதலாம். ஓரெழுத்துக்குப் பதிலாக வேறோர் எழுத்தை நிலையாக வைத்து எழுதியிருந்தால் அடையாளம் வேறு. மொழியில் மிகுதியாக வரும் எழுத்து எந்த வேடம் பூண்டாலும் மிகுதியாகவே வரும். இவ்வாறு எண்ணிப் பார்க்கும் வழியை 9ஆம் நூற்றாண்டிலேயே பாக்தாதில் அல்-கிந்தி என்னும் அறிஞர் எழுதிவைத்தார்.

ஓரெழுத்துக்குப் பல வேடங்களை மாறி மாறிப் புனைந்தால் இந்த ஏற்றத்தாழ்வு மழுங்கிப்போகும். அம்மழுக்கமும் ஓர் அடையாளமே. ஆங்கில நூலொன்றில் இரண்டு எழுத்துகளைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால், ஏறத்தாழ 15 முறைக்கு ஒருமுறை இரண்டும் ஒன்றாயிருக்கும். 26 எழுத்துகளும் சமமாகக் கலந்திருந்தால் 26 முறைக்கு ஒருமுறைதான் அப்படி நேரும். இந்த அளவுகோலை 1922இல் வெளியிட்டவர் வில்லியம் ஃபிரீட்மன் என்னும் அமெரிக்கர்.

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் அவர் பிரித்துப் படித்தவை நம் நாட்டவரின் கடிதங்கள். நம் வீடுகளில் அதிகம் பேசப்படாத வரலாறு இது. முதல் உலகப் போர்க் காலத்தில், அமெரிக்காவிலிருந்த கதர்க் கட்சியினர் ஜெர்மானியரின் துணையோடு இந்தியாவுக்கு ஆயுதம் அனுப்பிப் புரட்சி எழுப்ப முயன்றனர். பெர்லினில் இயங்கிய இந்தியர் குழுவில் திருவனந்தபுரத்தில் பிறந்த தமிழர் செண்பகராமன் பிள்ளையும் இருந்தார். (அவரும் ஃபிரீட்மனும் 1891 செப்டம்பரில் ஒன்பது நாள் இடைவெளியில் பிறந்தவர்கள் என்பது ஒரு வேடிக்கை.) இம்முயற்சியில் ஈடுபட்டோரின் கடிதங்கள் எண்களாகவே கடல் கடந்தன. அவற்றுள் சில அரசாங்கத்தார் கையில் சிக்கி, இல்லினாய் மாநிலத்தில் ரிவர்பாங்க் என்னும் தனியார் ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்ந்தன. ஃபிரீட்மன் அங்கே பரம்பரையியல் ஆராய வந்தவர். சங்கேதம் பின்னால் தொற்றிக்கொண்ட பழக்கம்.

எண்கள் நின்ற அமைப்பே முறையைக் காட்டிக்கொடுத்தது. இத்தகைய கடிதத்தில் ஓரிடத்து எண் பல நூறுவரை ஏறும், அது பக்கமாகலாம். மற்றோரிடத்தில் ஒன்றும் இரண்டுமே மாறி மாறி வரும். பக்கத்துக்கு இரு பத்தியுள்ள நூல் என்று ஊகிக்கலாம். இன்னோரிடத்து எண் ஐம்பது அறுபதோடு நின்றுவிடும். அது பத்தியில் சொல்லின் வரிசை. பத்தி பிரித்து அச்சிட்ட தடித்த நூல் அகராதியன்றி வேறென்ன? அகராதி என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அங்கே சொற்கள் அகரவரிசையில் நிற்பதால், சிறிய பக்க எண் தொடக்க எழுத்துகளையும் பெரிய எண் இறுதி எழுத்துகளையும் சுட்டும். ஒரு சொல் பிடிபட்டால் அதன் அயற்சொற்கள் எல்லைக்குள் வந்துவிடும். ஃபிரீட்மனும் அவர் மனைவி எலிசபெத்தும் நூலைக் காணாமலே கடிதங்களில் பெரும்பகுதியைப் படித்துவிட்டனர். அது ஜெர்மன்–ஆங்கில அகராதி. கைக்குக் கிடைத்தது பின்னரே.

எழுதியவர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. இரு கண்டங்களிலும் இருப்போர் ஐயத்துக்கு இடமின்றிக் கடையில் வாங்கக்கூடிய நூல் அவர்களுக்கு வேண்டியிருந்தது. அந்த வசதியே வினையாயிற்று. 1917 நவம்பரில் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கிய வழக்கில் ஃபிரீட்மன் சாட்சிக் கூண்டேறினார். 1918 ஏப்ரலில் வழக்கு முடியும் தறுவாயில், கதர்த் தலைவர் ராம் சந்திரா நீதிமன்றத்துக்குள்ளேயே உடன் குற்றஞ்சாட்டப்பட்ட ராம் சிங்கால் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவரும் அவ்விடத்திலேயே காவலரால் சுடப்பட்டு மாண்டார். படிக்கப்பட்ட கடிதங்களின் பின்னே இவ்வளவு உயிர்களும் சிறைவாசங்களும் இருந்தன.

இளைஞர் பயிலும் இக்காலத்து முறைகள் வேறு. 2001இல் அமெரிக்க அரசு தரமாக ஏற்ற ஏ.ஈ.எஸ். முறையில் மறைத்த செய்தி, கலைத்துப் போட்ட தாயக்கட்டை எண்களைப் போலவே தோன்றும். எழுத்தெண்ணிக்கை அங்கே வாய் திறவாது. சில வேளைகளில் செய்தியின் நீளம் 16 பைட்டுகளின் மடங்காக இருப்பது போன்ற புறக்குறிகளே துப்பாகும்.

எண்ணிக்கைக்கு அகப்படாத வேறொரு வகையும் உண்டு. அது நம் புதுவையிலேயே நடந்தது. 1910இல் இங்கு அடைக்கலம் புகுந்த அரவிந்தர், மற்றொரு பிரெஞ்சுப் பகுதியான சந்திரநாகூரில் இருந்த மோதிலால் ராய்க்கு எழுதிய கடிதங்களில், புரட்சிப் பணியைத் 'தந்திரம்' என்னும் வழிபாட்டுச் சொல்லால் குறித்தார். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதை நம் இலக்கணம் குழூஉக்குறி என்கிறதே, அவ்வினம் இது. எழுத்து மாறவில்லை, இலக்கணம் பிழைக்கவில்லை, கடிதத்தைப் பிரித்துப் பார்ப்பவருக்கு மறைபொருள் உண்டு என்ற ஐயமே எழாது. அவர் மெய்யாகவே யோகத்தைப் பற்றியும் அதே கடிதங்களில் எழுதியமையால், எது சாதனை, எது புரட்சி என்று பிரிப்பதற்கு எழுதியவரையும் பெறுபவரையும் அறிந்திருத்தல் வேண்டும்.