ஆர்ச்சியின் அரியணை

அரசர்கள் அமர்ந்த அரியணைகளை அருங்காட்சியகத்திலே வைப்பார்கள், கண்டிருக்கிறோம். வாளும் கேடயமும், வைரம் பதித்த முடியும், தந்தத்தால் இழைத்த இருக்கையும், ஆண்டவர்கள் மாண்ட பிறகு, ஆளப்பட்டவர்களின் பேரப் பிள்ளைகள் பார்த்துப் பெருமூச்சு விடுவதற்கென்றே காத்துக் கிடக்கும்! ஆனால், அமெரிக்கத் தலைநகராம் வாஷிங்டனிலே, ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வரலாற்று அருங்காட்சியகத்துக்கு 1978-ஆம் ஆண்டு போய்ச் சேர்ந்ததே ஒரு நாற்காலி, அது எந்த அரசனுடையது? எந்தக் குடியரசுத் தலைவர் அதிலே சாய்ந்து சட்டத்துக்குக் கையொப்பமிட்டார்?

எவருமல்ல! சாயம் மங்கிய, துணி நைந்த நாற்காலி அது. பழைய சாமான் கடையிலே சில டாலருக்கு வாங்கப்பட்டது. அதற்கு உரிமையாளனோ, உலகிலே பிறக்காத ஒரு மனிதன்! தொலைக்காட்சித் தொடருக்காகப் படைக்கப்பட்ட பாத்திரம். பெயர், ஆர்ச்சி பங்க்கர்.

நாடகத்துக்கு வாங்கிய நாற்காலிக்கா இந்த நல்வாழ்வு என்று நகைப்பர் சிலர். நகைக்கட்டும். நாம் கேட்பது வேறு. ஒரு நாற்காலி நாட்டின் வரலாற்றுச் சின்னமாகிறது என்றால், அது எதைச் சொல்லிற்று? எவரைச் சுட்டிற்று?

1971 சனவரி 12-ஆம் நாள், சி.பி.எஸ். தொலைக்காட்சியிலே தொடங்கியது 'ஆல் இன் த ஃபேமிலி' என்ற தொடர். இங்கிலாந்திலே 1965 முதல் பி.பி.சி. காட்டிய ஒரு தொடரைத் தழுவி, நார்மன் லியர் அமெரிக்க மண்ணுக்கேற்ப அமைத்தது. நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியிலே, ஹவுசர் தெரு 704-ஆம் எண் வீடு; அதுதான் கதை நடக்கும் இடம். அப்படி ஒரு தெரு அங்கே கிடையாது, கற்பனை. ஆனால் அந்த வீடு? ஆயிரம் தெருக்களிலே உண்டு!

அதுவரை தொலைக்காட்சி காட்டிய வீடுகள் எத்தகையவை? எடுத்துக்காட்டுக்கு ஒன்று. 1969 முதல் 1974 வரை ஓடியது 'பிராடி பஞ்ச்' என்னும் தொடர். தந்தை கட்டடக்கலை வல்லுநர். பெரிய வீடு, வேலைக்கு ஒரு பெண்மணி, பிள்ளைகள் ஆறு பேர். அந்த ஆறு பேருக்கும் அழகான குளியலறை உண்டு. ஆனால் அந்த அறையிலே கழிப்பறைத் தொட்டி மட்டும் கண்ணிலே படாது! கட்டடக்கலை வல்லுநர் கட்டிய வீட்டுக்கே அந்தக் கதி! உண்பதைக் காட்டலாம், உடுப்பதைக் காட்டலாம், உயிருள்ள மனிதனின் இயற்கைத் தேவையை நினைவூட்டும் பீங்கானை மட்டும் காட்டலாகாதாம். எத்தனை நாகரிகம், பார்த்தீர்களா!

பளபளப்பே பண்பு என்றும், தூசு படியாத சோபாவே குடும்பத்தின் இலக்கணம் என்றும் போதித்து வந்தன அந்த வீடுகள். அதைக் கண்ட ஆலைத் தொழிலாளி என்ன நினைப்பான்? திரையிலே தெரிவதுதான் வீடு, தான் குடியிருப்பது வீடே அல்ல என்றல்லவா நாணுவான்! வறுமை தரும் துன்பம் போதாதென்று, வறுமைக்காக வெட்கப்படும் துன்பத்தையும் சேர்த்துத் தந்தது அந்த வெளிச்சப் பெட்டி.

விதிவிலக்கே இல்லையா? உண்டு, மறுக்கவில்லை. 1955-இலும் 1956-இலும் 39 பகுதிகளாக வந்த 'ஹனிமூனர்ஸ்' தொடரிலே, பேருந்து ஓட்டுநர் ரால்ப் கிராம்டனின் புரூக்ளின் வீட்டைக் காட்டினார்கள். ஒரு மேசை, சில நாற்காலிகள், ஒரு அடுப்பு, பனிக்கட்டி வைக்கும் பழைய பெட்டி, வெளியே தீத்தப்பும் இரும்புப் படி தெரியும் ஒரு சன்னல். அவ்வளவுதான்! ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வாங்கவே அண்டை வீட்டுக்காரனோடு கூட்டுச் சேர வேண்டிய நிலை அவனுக்கு. வெறுமையான அந்தச் சுவர், வசனமில்லாமலே வாதாடிற்று. ஆனால் அது ஒற்றைக் குரல். பின்னாளிலே பணக்கார வீடுகளின் பேரொலியிலே அமுங்கிப் போயிற்று.

அந்தக் குரலை மீண்டும் எழுப்பியதுதான் பங்க்கர் வீடு. வண்ணமே வேண்டாம், கறுப்பு வெள்ளையிலே எடுப்போம் என்று லியர் விரும்பினார். வண்ணம்தான் வேண்டும் என்றது நிறுவனம். சரி, வண்ணப் படமே எடுக்கிறோம் என்றவர், வீட்டுக்குள்ளே வண்ணத்தை நுழைய விடவில்லை! சுவர், திரைச்சீலை, மேசை, உடை எல்லாம் மங்கல். பழைய புகைப்படத்தின் பழுப்பு. கதவைத் திறந்தால் கூடம்; கூடத்திலேயே சாப்பாட்டு மேசை; அதை அடுத்துச் சமையலறைக் கதவு; மாடிக்கு ஒரு படி. அந்த மாடியிலிருந்து கழிப்பறையிலே நீர் பாயும் ஓசை கேட்டது. முன்னிரவு நேரத் தொலைக்காட்சியிலே அமெரிக்கா அந்த ஓசையைக் கேட்டது அதுவே முதல் முறை என்பார்கள். பிராடிகள் மறைத்த பீங்கானைப் பங்க்கர்கள் பேச வைத்தார்கள்!

இத்தோடு நின்றிருந்தால், உழைப்பாளியின் வீட்டை உள்ளபடி காட்டினார்கள் என்று பாராட்டிவிட்டு நாமும் நின்றிருப்போம். நிற்கவில்லை அவர்கள். அந்த எளிய வீட்டின் நடுவிலே, எல்லோர் கண்ணும் படும் இடத்திலே, போட்டார்கள் ஒரு நாற்காலியை. பக்கத்திலே ஒரு சிறு மேசை. அதற்கப்பால் சற்றே சிறிய இன்னொரு நாற்காலி.

பெரியது ஆர்ச்சிக்கு. சிறியது மனைவி ஈடித்துக்கு.

ஆர்ச்சி யார்? சரக்கு ஏற்றும் துறையிலே மேற்பார்வையாளன். வெளியே அவனுக்கு மேலே முதலாளி, முதலாளிக்கு மேலே சந்தை, சந்தைக்கு மேலே எவரோ! அங்கே அவன் சொல் அம்பலம் ஏறாது. மாலையிலே வீடு திரும்புகிறான். அந்த நாற்காலியிலே சாய்கிறான். அந்தக் கணமே அரசனாகிறான்! கறுப்பரைப் பழிக்கிறான், யூதரைப் பழிக்கிறான், வந்தேறியவரைப் பழிக்கிறான். மருமகன் மைக் மறந்துபோய் அந்த நாற்காலியிலே உட்கார்ந்துவிட்டால், கிளம்புகிறது கர்ச்சனை! ஈடித்தோ, பீர் கொண்டுவரச் சமையலறைக்கு ஓடுகிறாள், ஓடியே திரும்புகிறாள். அவளுக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அதிலே அமர்ந்திருக்க அவகாசம்தான் இல்லை. அவள் வாய் திறந்தால் 'அடக்கு' என்கிறான். அந்தச் சொல் லியர் தம் சொந்தத் தந்தையின் வாயிலே கேட்டு வளர்ந்த சொல்!

காணவேண்டிய உண்மை இதுதான். வெளியே மிதிபடுகிறவன், வீட்டுக்குள்ளே மிதிப்பதற்கு ஓர் ஆளைத் தேடுகிறான். மேலே இருப்பவனை எட்டிப் பிடிக்க முடியாதவன், கீழே ஒருவன் இருந்தாக வேண்டும் என்று துடிக்கிறான். ஆதிக்கம் அரண்மனையிலே மட்டும் குடியிருப்பதில்லை. நைந்த நாற்காலியிலும் அமரும். இதை ஏட்டிலே எழுதினால் எத்தனை பக்கம் வேண்டும்! அரங்கம் அமைத்தவர்களோ இரண்டு நாற்காலிகளிலே சொல்லிவிட்டார்கள். ஒன்று பெரிது, ஒன்று சிறிது!

நாடு சிரித்தது. தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அந்தத் தொடரே முதலிடம் பெற்றது. ஆனால், சிரித்தது எதற்காக?

1974-ஆம் ஆண்டு, நீல் விட்மர், மில்டன் ரோக்கீச் என்ற ஆராய்ச்சியாளர் இருவர், அமெரிக்காவிலும் கனடாவிலும் பார்வையாளர்களைக் கேட்டறிந்து ஓர் ஆய்வை வெளியிட்டனர். பிறர்மீது வெறுப்புணர்ச்சி மிகுந்தவர்கள், ஆர்ச்சியைக் கண்டு திருந்துவதற்கு மாறாக, பெரிதும் ஆர்ச்சியையே மெச்சினார்கள்; சொற்போரிலே வென்றவன் அவனே என்று கருதினார்கள்! கண்ணாடி என்று எண்ணி நீட்டினார் லியர். தம் படம் என்று எண்ணி அதை நெஞ்சோடு அணைத்துக் கொண்டனர் சிலர்.

ஆகவே, காட்டியதே தவறு என்பதா? கூடாது. புண்ணைக் காட்டியதால் புண் வந்ததில்லை. மூடி வைத்த வீடுகள் முன்பே இருந்தன. அங்கெல்லாம் வெறுப்பு அழிந்தா போயிற்று? இல்லை, அங்கேயும் அந்த நாற்காலி இருந்தது, படம்பிடிக்கும் கருவிக்குப் பின்னாலே! காட்டியது சரி. கண்டவர்கள் கற்றது போதாது. அதற்குக் காட்சியமைத்தவனைக் குற்றவாளிக் கூண்டிலே ஏற்றுவது முறையல்ல.

இன்னும் ஒரு வேடிக்கை கேளுங்கள். நாற்காலிகள் அருங்காட்சியகத்துக்குப் போன பிறகும் தொடர் நடந்தது. நாற்காலி இல்லாமல் ஆர்ச்சி ஏது? அச்சு அசலாக அதேபோல் செய்யச் சொன்னார்கள். சில டாலருக்குக் கிடைத்ததன் நகலுக்கு ஆயிரக்கணக்கிலே செலவாயிற்று! ஏழையின் நாற்காலி மலிவு. ஏழையின் நாற்காலியைப் போலச் செய்வதுதான் விலை அதிகம்!

பிறகு என்ன ஆயிற்று? 1979-இலே தொடர் முடிந்தது. 1994-இலே வந்தது 'ஃபிரண்ட்ஸ்'. சமையற்கலைப் பெண் ஒருத்தி, காப்பிக் கடையிலே பரிமாறும் பெண் ஒருத்தி, இருவரும் குடியிருப்பது நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜிலே, ஊதாச் சுவரும் பெரிய சன்னலும் கொண்ட விரிந்த வீட்டிலே! எப்படி முடிந்தது? பாட்டி காலத்து வாடகைக்கே அந்த வீடு நீடிக்கிறதாம். வீட்டு வாடகையின் கொடுமையை ஒரு பாட்டியைக் கொண்டு தாண்டிவிட்டார்கள்! எழில் இருந்தது, உலகமே அந்த வீட்டிலே குடியேற ஏங்கிற்று. ஆனால் ஊதியத்துக்கும் கூரைக்கும் உள்ள கணக்கு, அந்த ஊதாச் சுவருக்குப் பின்னாலே ஒளிந்துகொண்டது.

வீடு கட்டுகிறவன் செங்கல்லிலே பிழை செய்தால் ஒரு குடும்பத்தின் தலையிலே விழும். திரையிலே வீடு கட்டுகிறவன் பொய் செய்தால், கோடிக் குடும்பங்களின் மனத்திலே விழும். ஆகவே அவர்களை நாம் கேட்பது அதிகமல்ல. ஊதியத்துக்கேற்ற சுவரைக் கட்டுங்கள். கறை இருந்தால் கறையோடு காட்டுங்கள். அந்தச் சுவருக்குள்ளே எவர் உட்கார்ந்திருக்கிறார், எவர் ஓடிக்கொண்டிருக்கிறார் என்பதையும் மறைக்காதீர்கள்.

பார்ப்பவர்களையும் ஒன்று கேட்போம். திரையிலே ஒரு வீடு தெரிந்தால், திரைச்சீலையின் விலையை எண்ணாதீர்கள். நாற்காலிகளை எண்ணுங்கள். எவருக்குப் பெரியது, எவருக்குச் சிறியது, எவருக்கு எதுவுமே இல்லை என்று பாருங்கள். பார்த்துவிட்டு, பெட்டியை அணைத்துவிட்டு, அதே கணக்கை உங்கள் கூடத்திலும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்!

நாற்காலி அருங்காட்சியகத்துக்குப் போயிற்று, நல்லது. அதிலே அமர்ந்திருந்த ஆணவமும் உடன் போயிற்றா?