ஈரைப் பேனாக்கும் கண்ணாடி

மைக்ராஸ்கோப் என்றதும் ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற அறைதான் நமக்கு ஞாபகம் வரும். அதெல்லாம் படித்தவர்கள் சமாச்சாரம், அடுப்படியில் நிற்கிற நமக்கு எதற்கு என்று ஒதுங்கிவிடுவோம். ஆனால் சகோதரிகளே, இப்போது விற்கிற டிஜிட்டல் மைக்ராஸ்கோப் ஒரு சின்ன டார்ச் லைட் அளவுதான் இருக்கிறது. செல்போனிலோ கம்ப்யூட்டரிலோ செருகினால் போதும், எறும்பின் மீசை கூடத் திரையில் தெரியும். "ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்கி" என்று கேலியாகச் சொல்வோமே, அந்த வேலையை நிஜமாகவே செய்கிற சாமான் இது!

இதை வீட்டில் எப்படி வைத்துப் பார்ப்பது, எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று இந்த இதழில் சொல்கிறேன். பேனிலிருந்தே ஆரம்பிக்கிறேன். எங்கள் வீட்டில் முதலில் அதற்குத்தான் இது கைகொடுத்தது.

சீமெண்ணெய்க்கு வந்த வேலை

வராக நதிப் பக்கம் இருக்கிற ஜெயமங்கலம் எங்கள் ஊர். என் ஓரகத்தியின் மகள் நாலாம் வகுப்புப் படிக்கிறாள். இடுப்பு வரை முடி. பள்ளிக்கூடம் திறந்த இரண்டாம் வாரமே தலையில் பேன் வந்துவிட்டது. பேன் லோஷன் வாங்கி ஒரு தரம் போட்டு, ஒன்பது நாள் கழித்து மறு தரமும் போட்டாயிற்று. அப்படியும் முடியில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் போகவில்லை. வகுப்பில் அவளைத் தனியாகக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் காலையில் யூனிபார்ம் போடவே மாட்டேன் என்று மூலையில் உட்கார்ந்துகொண்டாள்.

என் மாமியாருக்கு இதற்கு ஒரே வைத்தியம்தான் தெரியும். "ஏத்தா, எங்க காலத்துல சீமெண்ணெய்யத் தடவித் துணியக் கட்டிவிட்டா மறுநாள் ஒரு பேன் இருக்காது. இல்லேன்னா பேசாம மொட்டையப் போட்டுருங்க" என்றார். ஓரகத்தி மூன்றாவது லோஷன் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டு, "என்னக்கா செய்யிறது?" என்று என்னிடம் வந்தாள். மொட்டை என்ற சொல்லைக் கேட்டதுமே பிள்ளை அழ ஆரம்பித்துவிட்டாள்.

"கொஞ்சம் பொறுங்க அத்தை, முதல்ல என்னன்னு பார்ப்போம்" என்று, என் மகனுக்கு வாங்கிய மைக்ராஸ்கோப்பை எடுத்தேன். வெள்ளைப் புள்ளி இருந்த முடிகளாகப் பார்த்து, தலையின் பல பக்கத்திலிருந்தும் பத்துப் பன்னிரண்டு நறுக்கினேன். கறுப்புக் காகிதத்தில் ஒட்டித் திரையில் பார்த்தோம். எல்லாம் வெறும் ஓடு! மூடி திறந்து, கண்ணாடி மாதிரி உள்ளே ஒன்றுமில்லாமல் இருந்தது. இரண்டு முடியில் இருந்தது ஈரே இல்லை, பொடுகு. பிறகு தலையை நனைத்து, வெள்ளைத் துண்டைத் தோளில் போட்டுப் பேன் சீப்பால் அரை மணி நேரம் வாரினோம். ஒரு பேன்கூட விழவில்லை. நாலு நாள் கழித்து மறுபடி வாரியபோதும் இல்லை.

"அப்போ என் தலையில இருக்கிறது காலி வீடுதானா பெரியம்மா? முடிய வெட்ட வேண்டாமா?" என்று கேட்டாள் பாருங்கள், அந்த முகத்தை எந்த மைக்ராஸ்கோப்பும் இல்லாமலே பார்க்கலாம்!

மாமியார் ரொம்ப நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாக, "என் தலையையும் ஒரு தரம் பாருத்தா, ஒரு வாரமா அரிக்குது" என்றார். சீப்பை வைத்து நாலு இழுப்பு இழுத்தேன். துண்டில் இரண்டு பேன் விழுந்து உயிரோடு ஓடின. பேத்தியும் அப்பத்தாவும் ஒரே தலையணையில் தலை வைத்துத் தூங்குகிறவர்கள்! அன்றைக்கே மூன்றாவது பாட்டில் பேத்திக்குப் பதில் பாட்டிக்குப் போயிற்று. சீமெண்ணெய்ப் பாட்டிலை அவரே கொண்டுபோய்ப் பரணில் வைத்தார். ஓரகத்தி அந்தப் படங்களைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய்க் காட்டிப் பேசினாள். பிள்ளை மறுபடி தன் சிநேகிதிகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

எது ஈர், எது பொடுகு?

உயிருள்ள ஈர் முடியின் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பசை போட்ட மாதிரி ஒட்டியிருக்கும். நீளம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பழுப்பாக, உள்ளே எதோ நிறைந்திருப்பது தெரியும். நுனியில் ஒரு சின்ன மூடி இருக்கும். பொரிந்த ஈரில் மூடி இராது, ஓடு வெளுத்திருக்கும். பொடுகு ஒழுங்கில்லாத செதில். விரலால் தள்ளினால் உதிர்ந்துவிடும். முடியைச் சுற்றிக் குழாய் மாதிரி வெள்ளையாக இருந்து, இழுத்தால் நழுவி வந்தால் அதுவும் ஈர் இல்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. பேன் தன் முட்டையைத் தலைத்தோலை ஒட்டியே இடும். ஏழு முதல் பத்து நாளில் அது பொரிந்துவிடும். முடியோ மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளருகிறது. அதனால் தோலிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கிற ஈர் பெரும்பாலும் காலி ஓடாகத்தான் இருக்கும். ஓடு இருக்கிறது என்பதற்காக மருந்து போட வேண்டாம். உயிருள்ள பேன் இருந்தால்தான் மருந்து.

மருந்து என்றால் பெர்மெத்ரின் 1 சதவிகித லோஷன் மருந்துக் கடையில் கிடைக்கிறது. பாட்டிலில் போட்டிருக்கிற நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. முட்டையிலிருந்து புதிதாக வருகிறவற்றுக்காக ஏழு முதல் பத்து நாளுக்குள் மறு தரம் போட வேண்டும். கைக்குழந்தைக்கும், கர்ப்பிணிக்கும், பால் கொடுக்கிற தாய்க்கும் டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள். மருந்து வேண்டாம் என்கிறவர்கள் தலையை நனைத்து, எண்ணெய் தடவி, மூன்று நாலு நாளுக்கு ஒரு தரம் இரண்டு மூன்று வாரம் விடாமல் வாரலாம். பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

சீமெண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். தோல் வெந்துபோகும். ஆவி நெஞ்சைப் பாதிக்கும். அடுப்புப் பக்கம் போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வயலுக்கு அடிக்கிற பூச்சி மருந்தைத் தலையில் போடுவதும் அதே மாதிரி ஆபத்து.

பேன் பறக்காது, குதிக்காது. தலையோடு தலை முட்டும்போது நடந்துதான் போகும். தலையை விட்டு இறங்கிவிட்டால் ஒன்றிரண்டு நாளில் செத்துவிடும். அழுக்கான வீட்டில்தான் பேன் வரும் என்பதும் பொய். ஆகவே பேன் வந்த பிள்ளையைக் குற்றவாளி மாதிரி ஒதுக்குவதில் அர்த்தமே இல்லை. ஒருவருக்கு வந்தால் வீட்டில் எல்லோர் தலையையும் ஒரே நாளில் பாருங்கள். தாத்தா பாட்டியை விட்டுவிடாதீர்கள்!

வீட்டில் அமைக்கும் முறை

நான் வாங்கியது ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. பெட்டியின் மேல் 1000 மடங்கு, 1600 மடங்கு என்று போட்டிருப்பார்கள். நம்பாதீர்கள்! சாதாரணமாக 50 முதல் 200 மடங்கு வரைதான் நிஜம். நம் வேலைக்கு அதுவே தாராளம். தாங்கி, ஃபோகஸ் திருகு, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற சக்கரம், இந்த மூன்றும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

1. கம்ப்யூட்டர் என்றால் யு.எஸ்.பி. துளையில் செருகி, கேமரா செயலியைத் திறந்து, கேமராவை மாற்றுகிற குறியை அமுக்கினால் படம் வரும். ஆண்ட்ராய்டு போன் என்றால் ஓ.டி.ஜி. வசதி இருக்க வேண்டும். சில போன்களில் அமைப்புகளுக்குள் போய் அதை ஆன் செய்ய வேண்டியிருக்கும். யு.எஸ்.பி. கேமரா பார்க்கிற செயலி ஒன்றும் தேவை. வாங்குவதற்கு முன்பே கடைக்காரரிடம் உங்கள் போனைச் செருகிப் பார்த்துவிடுங்கள்.

2. ஆடாத மேஜையிலோ அடுப்படிக் கல்திட்டிலோ வையுங்கள். கட்டில் உதவாது. மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். இருநூறு மடங்கு பெருக்கும்போது நம் மூச்சுக்காற்றே புயல் மாதிரிதான்.

3. வெள்ளைப் பொருளுக்குக் கறுப்புக் காகிதம், கறுப்புப் பொருளுக்கு வெள்ளைக் காகிதம் அடியில் போடுங்கள். முடியை ஒட்டும்போது இரண்டு முனையில் மட்டும் டேப் ஒட்டுங்கள். பார்க்க வேண்டிய இடத்தில் டேப் வந்தால் பளபளத்து ஒன்றும் தெரியாது.

4. வெளிச்சத்தை முதலில் குறைவாக வையுங்கள். எடுத்த எடுப்பில் முழு வெளிச்சம் வைத்தால் எல்லாம் வெளுத்துப்போகும்.

5. திருகை மெதுவாகத் திருப்புங்கள். பல மைக்ராஸ்கோப்களில் இரண்டு இடத்தில் படம் தெளியும். ஓர் இடத்தில் கொஞ்சம் பெரிதாக, இன்னோர் இடத்தில் ரொம்பப் பெரிதாகத் தெரியும். சின்னதில் பொருளைத் தேடிப் பிடித்த பிறகுதான் பெரியதற்குப் போக வேண்டும்.

6. அளவு தெரிய வேண்டுமா? அதே ஃபோகஸில் பிள்ளையின் ஸ்கேலை வைத்து ஒரு படம் எடுங்கள். ஒரு மில்லிமீட்டர் கோடு திரையில் எவ்வளவு அகலம் என்று தெரிந்துவிட்டால், மற்றதை அதோடு ஒப்பிடலாம்.

7. கருவியிலுள்ள பொத்தானை அமுக்கினால் படம் ஆடும். போன் திரையில் தொட்டே படம் எடுங்கள்.

குழந்தையின் கண்ணுக்கு நேரே அந்த விளக்கைக் காட்டக் கூடாது. காதுக்குள் விட்டுப் பார்க்கவே கூடாது. பார்த்து முடித்ததும் மெல்லிய துணியால் துடைத்து வையுங்கள். தண்ணீரில் கழுவாதீர்கள்.

ராஜா காலத்துப் பேன்

பேனைப் பெரிதாக்கிப் பார்த்ததில் நாம் முதல் ஆள் இல்லை. 1665-ல் இங்கிலாந்தில் ராபர்ட் ஹூக் என்பவர் மைக்ராஸ்கோப்பில் பார்த்தவற்றை வரைந்து ஒரு புத்தகம் போட்டார். அதில் மடித்து வைத்த பெரிய தாளில் ஒரு பேன், மனித முடி ஒன்றைக் காலால் பிடித்துக்கொண்டிருக்கிற படம் இருக்கிறது! இஸ்ரேல் நாட்டில் லாகிஷ் என்ற இடத்தில் தோண்டியெடுத்த ஒரு தந்தச் சீப்பு அதைவிடப் பழையது. சுமார் 3,700 வருஷத்துக்கு முந்தையது என்கிறார்கள். தலையிலும் தாடியிலும் உள்ள பேனை இது ஒழிக்கட்டும் என்கிற கருத்தில் அதன்மேல் எழுதியிருப்பதை 2022-ல் அறிவித்தார்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது சீப்பின் பல்லிலேயே பேனின் மிச்சம் ஒட்டியிருந்ததாம். ராஜா காலத்திலிருந்து எல்லா அம்மாக்களுக்கும் இதே தொல்லைதான்!

தோட்டத்துக்கும் உதவும்

தென்னை உள்ள வீடுகளுக்கு ஒன்று சொல்கிறேன். சுருள் வெள்ளை ஈ என்ற பூச்சி 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தெரிந்தது. ஓலையின் அடியில் வெள்ளை மெழுகோடு சுருள் சுருளாக முட்டையிடும். அதன் கழிவால் கீழ் ஓலை கறுத்துப்போகும். அந்த ஓலைத் துண்டை மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். குஞ்சுகளில் சில கறுத்து, முதுகில் வட்டமாக ஓட்டை விழுந்திருந்தால் சந்தோஷப்படலாம். என்கார்சியா என்கிற மிகச் சின்னக் குளவி அவற்றுக்குள் வளர்ந்து வெளியேறியிருக்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் விஷ மருந்து அடித்தால் நமக்கு வேலை செய்கிற குளவிதான் முதலில் சாகும். சந்தேகம் இருந்தால் படத்தைத் தோட்டக்கலைத் துறை அதிகாரியிடம் காட்டிக் கேளுங்கள். பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரியே இருக்கிறது.

எதற்கு உதவாது?

குடிதண்ணீரைச் சொட்டு விட்டுப் பார்த்துவிட்டு, "ஒரு பூச்சியும் இல்லை, காய்ச்ச வேண்டாம்" என்று தயவுசெய்து முடிவு கட்டாதீர்கள். வயிற்றுப்போக்கும் டைபாய்டும் கொண்டுவருகிற பாக்டீரியா, மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒன்றிரண்டு பங்குதான். இந்த மைக்ராஸ்கோப்புக்கு அது எட்டாது. வைரஸ் அதைவிடச் சின்னது. தண்ணீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிஷம் ஆக வேண்டும். அதில் மாற்றமில்லை. அதே மாதிரி மச்சத்தையோ புண்ணையோ திரையில் பார்த்து நாமே வியாதிக்குப் பெயர் வைக்கவும் கூடாது. அது டாக்டர் வேலை.

கம்ப்யூட்டர், போன் வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கும் வழி உண்டு. நம் நாட்டில் பிறந்த மனு பிரகாஷ், அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு, காகிதத்தை மடித்துச் செய்கிற ஃபோல்டுஸ்கோப்பை உருவாக்கினார். அதைப் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரை 2014-ல் வந்தது. இப்போது விற்பனைக்கும் கிடைக்கிறது. மின்சாரமே வேண்டாம், சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். சுமார் 140 மடங்கு பெருக்கும்.

லீவு நாளில் பிள்ளைகளை உட்கார வைத்து ஓர் உப்புக்கல், ஒரு மிளகாய் விதை, நூல் சேலையின் ஓர் இழை, பாலியஸ்டர் சேலையின் ஓர் இழை என்று ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். அவர்கள் கேட்கிற கேள்விகளை எழுதி எனக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் அரிசிப் பானைக்குள் போய், வண்டு எங்கே முட்டையிடுகிறது என்று பார்ப்போம்.