மதராஸ் பெயரில் ஒரு நோய், மண்டபத்தில் யார் கணக்கெடுப்பது?

மண்டபத்துல வலை இழுக்கிற ஒருத்தருக்குக் கையில பலம் குறையுதுன்னு வைங்க. வலி இருக்காது, மரத்தும் போகாது. பிடி மட்டும் நழுவும். "கடல் வேலைன்னா அப்படித்தான்"னு வீட்டுல சொல்லிடுவாங்க. அவரோட சித்தப்பாவும் இப்படித்தான் படுக்கையில விழுந்தாருங்கிறது யாருக்கும் உடனே ஞாபகம் வராது. மோட்டார் நியூரான் நோயில் சுமார் பத்தில் ஒன்று பரம்பரையாக வருவது.

ஆனா ஒரே மரபணுப் பிழை உள்ள குடும்பத்திலேயே ஒருத்தருக்கு 35 வயசுல வரும், இன்னொருத்தருக்கு 60 தாண்டியும் வராது. ஏன்? நம்ம பாஷையில, கோட் ஒன்னுதான்; எந்த வரி கமென்ட் ஆகியிருக்குங்கிறதுதான் வேற. டிஎன்ஏ மேல ஒட்டுற மெத்தில் என்ற வேதிக்குறி அந்த மாதிரி வேலையைச் செய்யும். செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் அம்மா வழியா வரும் தனி டிஎன்ஏ உண்டு, 37 மரபணுக்களோடு. எஸ்ஓடி1 மரபணுப் பிழை உள்ளவர்களிடம் அந்த டிஎன்ஏவின் டி-லூப் பகுதியில் மெத்தில் குறைவாக இருப்பதாக 2018-ல் இத்தாலிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். இது நிஜமா, சோதனை முறையின் கோளாறா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. அதனால இதைச் சொல்லி யாராவது பவுடர் வித்தா வாங்காதீங்க.

எனக்கு உறுத்துவது வேற. அவங்களுக்கு ஆராயக் குடும்பங்கள் கிடைச்சுது. நமக்கோ, நம்ம ஊர்ப் பேரிலேயே 'மதராஸ் மோட்டார் நியூரான் நோய்' இருக்கு. 1970-ல் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி என்ற மருத்துவர்கள் சென்னையில் விவரித்தது. பெரும்பாலும் 30 வயசுக்குள்ள கைகால் மெலியும், காதும் மந்தமாகும். 50 வருஷம் தாண்டியும் காரணம் பிடிபடல.

2023-ல் அமெரிக்கா டோஃபர்சென் என்ற மருந்தை அனுமதித்தது, எஸ்ஓடி1 பிழை உள்ளவர்களுக்கு மட்டும். பிழை இருக்கான்னு தெரிஞ்சாத்தான் அந்த மருந்தைப் பத்திப் பேசவே முடியும். மண்டபத்துக்காரர் ராமநாதபுரம், மதுரைன்னு ஏறி இறங்கினா ஒவ்வொரு ஆஸ்பத்திரிச் சீட்டும் தனித்தனி. சித்தப்பா எதிலயும் இருக்கமாட்டார்.

மாவட்டத்துக்கு ஒரு குடும்பப் பதிவேடு வேணும். ராமநாதபுரத்தில் 2022-லேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்தாச்சு, அங்கேயே தொடங்கலாம். சாஃப்ட்வேர் நாம எழுதித் தரலாம். ஆனா அத்தை மகளைக் கட்டின வீட்டுல வம்ச மரம் மரமா இருக்காது, கிராஃபாத்தான் இருக்கும். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் படிச்சவங்க யோசிச்சுக்குங்க. பெயர்களைக் கட்டாயம் மறைக்கணும். பொண்ணுக்கு வரன் தட்டிப்போயிடும்னு பயந்துதான் பாதி வீட்டுல வாயே திறக்கமாட்டாங்க.