ஒமொதெனாஷியும் நான்கு காகிதங்களும்

2020 ஒலிம்பிக்கை எந்த ஊருக்குக் கொடுப்பது என்று 2013 செப்டம்பரில் புவெனோஸ் அயர்ஸில் கூடி முடிவு செய்தார்கள். டோக்கியோ சார்பில் கிறிஸ்டெல் தகிகாவா என்ற தொலைக்காட்சிப் பெண்மணி பிரெஞ்சில் பேசினார். அப்பா பிரெஞ்சுக்காரர், அம்மா ஜப்பானியர். நான் படித்தது பிரெஞ்சு வழியில். காது தானாக அந்தப் பக்கம் திரும்பியது. நடுவில் ஒரே ஒரு ஜப்பானியச் சொல்லை ஒ-மொ-தெ-னா-ஷி என்று பிரித்துப் பிரித்துச் சொல்லி, கைகூப்பித் தலை வணங்கினார். போட்டி டோக்கியோவுக்கே கிடைத்தது. (கொரோனாவால் 2021இல் நடந்தபோது வெளிநாட்டுப் பார்வையாளர் ஒருவரையும் விடவில்லை. பாவம்.)

விருந்தோம்பல் என்று அதைத் தமிழில் சொல்லிவிடலாம். ஆனால் நாம் விருந்து என்றால் இலையையும் பாயசத்தையும் நினைக்கிறோம். அவர்கள் நினைப்பது, வந்தவர் வாய் திறந்து கேட்பதற்கு முன்பே அவருக்கு வேண்டியதைச் செய்து வைப்பதை. அங்குள்ள பெரிய கடைகளில் வெளியே மழை பிடித்தால் உள்ளே ஒரு குறிப்பிட்ட பாட்டு ஒலிக்கும். ஜன்னல் இல்லாத தளத்தில் நிற்கும் விற்பனைப் பெண்ணுக்கு அதுதான் தகவல். உடனே காகிதப் பைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுப்பாள். இதற்கெல்லாம் டிப்ஸ் கிடையாது. கொடுத்தாலும் பெரும்பாலும் வாங்க மாட்டார்கள்.

நம் அலுவலகங்களில் சிரித்த முகம் வேண்டும் என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டிருக்க யாராலும் முடியாது. கவுண்டருக்கு உள்பக்கம் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தவன் சொல்கிறேன். சிரிப்பை விடுங்கள், என்னென்ன காகிதம் வேண்டும் என்பதை ஒரே தடவையில் சொல்லுங்கள்.

எங்கள் தெருவில் ஓர் அம்மா. கணவர் போன இரண்டாவது மாதம் குடும்ப ஓய்வூதியத்துக்காக ஓர் அலுவலகத்துக்குப் போனார். முதல் நாள் இறப்புச் சான்றிதழ் நகல் இல்லை என்றார்கள். அடுத்த தடவை பான் கார்டு. மூன்றாவது தடவை வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம். நான்காவது தடவை இருவரும் சேர்ந்திருக்கும் போட்டோ. அதைத் தேடி எடுக்க அந்த அம்மாவுக்கு ஒரு வாரம் ஆயிற்று. ஆல்பத்தைத் திறக்கவே முடியவில்லை என்றார். யாரும் அவரைத் திட்டவில்லை, லஞ்சமும் கேட்கவில்லை. ஆனாலும் நான்கு தடவை ஆட்டோ.

ஆள் பற்றாக்குறை, கூட்டம் என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தக் கூட்டத்தில் பாதி, நேற்றுத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள்தானே?

இன்னொரு பக்கமும் உண்டு. பிரெஞ்சில் ‘ஓத்’ என்ற ஒரே சொல் விருந்தளிப்பவரையும் குறிக்கும், விருந்தினரையும் குறிக்கும். பள்ளியில் அது பெரிய குழப்பம். ஜப்பானியத் தேநீர்ச் சடங்கைப் பற்றிப் படித்த பிறகு அதில் நியாயம் இருப்பதாகப் படுகிறது. அங்கே விருந்தினருக்கும் வேலை உண்டு: கிண்ணத்தைத் திருப்பிப் பிடிப்பது, அதன் அழகைப் பார்ப்பது, நன்றி சொல்வது. கடை ஊழியர்களைக் கத்தி மிரட்டும் வாடிக்கையாளர்கள் பெருகிப்போய், டோக்கியோவில் அதைத் தடுக்க 2025 ஏப்ரல் முதல் ஒரு விதியே நடைமுறைக்கு வந்துவிட்டது. நம் ஊரில் டோக்கன் இல்லாமல் ஜன்னலுக்குள் கையை நீட்டுபவர்களும் இதைக் கவனிக்கலாம்.

அலுவலக வாசலில் தேவையான காகிதங்களின் பட்டியலைப் பெரிய எழுத்தில், தமிழில் ஒட்டினால் போதும். அப்படியே கயிற்றில் கட்டித் தொங்கும் அந்தப் பேனாவில் மை இருக்கிறதா என்றும் காலையில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.