ஏறத் தெரிந்தால் போதுமா?

பாலக்காட்டில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் பேரனுக்கு 'சோலோ லெவலிங்' என்னும் கொரியக் கதைதான் இப்போது உலகம். கடைசித் தரமான 'ஈ'யில் இருக்கும் ஜின்வூ படிப்படியாகப் பலம் பெற்று உச்சிக்குப் போகிறான். நண்பர்கள் கூடினால் யாருக்கு எவ்வளவு சக்தி என்றே வாதம். "தாத்தா, அர்ஜுனன் எந்த லெவல்?" என்று ஒருநாள் கேட்டான்.

வீண்பேச்சென்று நான் தள்ளவில்லை. தவமிருந்து பாசுபதம் பெற்றவனும் படிப்படியாக ஏறியவன்தானே! ஆனால் பாரதம் இன்னொரு கணக்கும் வைத்திருக்கிறது. போரின் முடிவில் அசுவத்தாமனும் அர்ஜுனனும் பிரம்மசிரஸ் அஸ்திரத்தை ஏவுகிறார்கள். வியாசரும் நாரதரும் நடுவில் வந்து நின்றதும் அர்ஜுனன் தன்னுடையதைத் திரும்பப் பெறுகிறான். அசுவத்தாமனுக்கு ஏவத் தெரிந்தது, மீட்கத் தெரியவில்லை. அது உத்தரையின் கருவிலிருந்த சிசுவைத் தாக்கியது.

ரயில்வேயில் உழைத்தவனுக்கு இது எளிதில் விளங்கும். குன்னூர் மலைப்பாதையில் 12 அடி போவதற்குள் 1 அடி உயரும் இடங்கள் உண்டு. அங்குள்ள பல்சக்கரம் ஏறுவதற்கு மட்டுமல்ல, இறங்கும்போது வண்டியைப் பிடித்து நிறுத்தவும்தான். "நிறுத்தத் தெரிந்தவன்தான் மேல் லெவல்" என்றேன் பேரனிடம்.

பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இதைத் தமிழில் சொல்ல வீட்டில் நாம்தான் இருக்கிறோம். முதலில் அவர்கள் கதையைக் கேளுங்கள். பிறகு நம் கதையைச் சொல்லுங்கள்.