பெயரைத் தந்தோம், குருதியைத் தர மறுத்தோம்



அமெரிக்காவில் நம் தமிழ்ச் சங்கங்கள் நடத்தும் பொங்கல் விழாக்களில், நுழைவாயிலுக்கும் உணவுக்கூடத்துக்கும் இடையே ஒரு மேசை இடப்பட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். குருதிப் புற்றுநோயால் வாடும் ஒருவரின் படம், விண்ணப்பப் படிவங்கள், கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்தெடுக்கும் பஞ்சுக்குச்சிகள். அம்மேசையின் பின்னால் நின்ற தன்னார்வலருள் அடியேனும் ஒருவன். "இரண்டே நிமிடம், தம்பி" என்று இளைஞர்களை அழைத்திருக்கின்றேன். மாலையில் படிவங்களை எண்ணிப் பெருமிதமும் கொண்டிருக்கின்றேன். அந்தப் பெருமிதத்திற்கு எதிராகவே இதை எழுதுகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மையார் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய மகன் எங்கள் மேசையில் பதிவு செய்தவன். யாரோ ஒரு நோயாளிக்கு அவன் பொருந்தியிருக்கின்றான். "தம்பி, எங்களுக்கு ஒரே பிள்ளை. நாளைக்குக் கல்யாணம் காட்சி என்று வந்தால் என்ன சொல்வது? பெயரை எடுத்துவிடுங்கள்" என்றார். நான் பேசிப் பார்த்தேன். பயனில்லை. மகன் தொலைபேசிக்கே வரவில்லை. அந்த நோயாளி யார், எந்த ஊர், பின்னர் என்ன ஆனார் என்பது எனக்குத் தெரியாது, தெரிவிக்கவும் மாட்டார்கள்.

அந்த இழப்பின் அளவை உணரவேண்டுமெனில் பொருத்தம் என்பது யாது என்று அறிதல் வேண்டும். எச்.எல்.ஏ. எனப்படும் திசுக் குறிகளைத் தாயிடமிருந்து பாதியும் தந்தையிடமிருந்து பாதியும் நாம் பெறுகின்றோம். உடன்பிறந்தார் ஒருவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றே. ஏனையோர் அயலாரிடையேதான் தேடவேண்டும். அங்கும் ஒரே மரபினரிடையேதான் பொருத்தம் பெரும்பாலும் அமைகின்றது. நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் 2014இல் வெளியான ஆய்வொன்று, அமெரிக்கப் பதிவேட்டில் முழுமையாகப் பொருந்தி, அழைத்தால் வரக்கூடிய கொடையாளர் கிட்டும் வாய்ப்பைக் கணக்கிட்டது. ஐரோப்பிய வழி வெள்ளையருக்கு 75 விழுக்காடு. தெற்காசியருக்கு 33.

உலகப் பதிவேடுகளில் நான்கு கோடிக்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. சென்னையில் 2009இல் தொடங்கப்பட்ட தாத்ரி முதலிய இந்தியப் பதிவேடுகளும் உண்டு. ஆயினும் தரவுத்தளத்தில் இல்லாத ஒன்றை எத்துணைச் சிறந்த நிரலாலும் எடுத்துத் தர இயலாது என்பது என் தொழிலின் பாலபாடம். அதனினும் கொடியது ஒன்றுண்டு: தரவுத்தளத்தில் இருப்பதாகக் காட்டிவிட்டு, கேட்கும்போது இல்லையென்பது. அழைப்பு வருங்கால் பின்வாங்குவோர் வெள்ளையரைவிட ஆசிய வழியினரிடையே மிகுதி என்று ஆய்வுகள் காட்டுகின்றன. நம்மைப் பற்றிய இச்செய்தியை எந்தச் சங்க மலரிலும் நான் படித்ததில்லை.

அஞ்சுவதற்கு அப்படி என்னதான் இருக்கின்றது? "முதுகுத்தண்டில் ஊசி போடுவார்களாமே" என்று பொறியியல் முனைவர்களே என்னிடம் வினவியுள்ளனர். முதுகுத்தண்டை எவரும் தொடுவதில்லை. இன்று பெரும்பாலான கொடைகள் குருதியின் வழியே நிகழ்கின்றன. ஐந்து நாட்கள் ஊசி மருந்து செலுத்துவர். அதனால் எலும்பு வலியும் தலைவலியும் வரும், அதை மறைக்கவேண்டியதில்லை. பின்னர் ஒரு கையிலிருந்து குருதியை எடுத்து, பொறியொன்றில் குருத்தணுக்களைப் பிரித்து, எஞ்சியதை மறு கை வழியே திருப்பிச் செலுத்துவர். சில மணி நேர வேலை. சிலரிடம் மட்டும், மயக்க மருந்து கொடுத்து, இடுப்பெலும்பின் பின்புறத்திலிருந்து மஜ்ஜையை எடுப்பர். கொடுத்தது சில வாரங்களில் மீண்டும் ஊறிவிடும். மகப்பேற்றுக்கு ஊறு நேர்வதாகச் சான்று எதுவும் இல்லை. கொடையாளருக்குச் செலவும் இல்லை.

"இப்போதுதான் பாதிப் பொருத்தம் போதும் என்கிறார்களே, அயலார் எதற்கு?" என்று கேட்போரும் உளர். மெய்தான். மாற்றுச் சிகிச்சைக்குப் பின் சைக்ளோபாஸ்பமைடு மருந்து கொடுக்கும் முறையால் பெற்றோரோ பிள்ளையோ கொடையாளராகும் வழி திறந்திருக்கின்றது. இது பெரிய முன்னேற்றம். ஆனால் பெற்றோர் முதியவராகவோ நோயுற்றவராகவோ இருப்பின் என் செய்வது? அதே மருந்து, முற்றிலும் பொருந்தாத அயலாரின் கொடையையும் ஏற்கத்தக்கதாக்கியிருக்கின்றது. ஆகவே பதிவேட்டிலுள்ள ஒவ்வொரு பெயரின் பயனும் முன்னைவிடக் கூடியிருக்கின்றதேயன்றிக் குறையவில்லை.

பின்வாங்குவதிலும் காலத்தைப் பொறுத்து வேறுபாடு உண்டு. முதல் அழைப்பிலேயே மறுத்தால் நோயாளிக்கு நாட்கள் இழப்பு. குருதிப் புற்றுநோயில் நாட்கள் மலிவானவை அல்ல. நாள் குறித்த பின் மறுத்தால் நிலைமை வேறு. சிகிச்சைக்கு முந்திய நாட்களில் கடும் மருந்துகளால் நோயாளியின் மஜ்ஜையையே அழித்துவிடுகின்றனர். அதன்பின் கொடையாளர் வரவில்லையெனில், அவர் திரும்பிப் போவதற்கு வழியில்லை.

அந்த அம்மையாரை மட்டும் குறைகூறுவது எளிது, அது முறையன்று. "இரண்டே நிமிடம்" என்று அவர் மகனை ஏமாற்றியவன் நான். பஞ்சுக்குச்சிக்கு இரண்டு நிமிடம் என்றேன். ஊசியைப் பற்றியோ, என்றோ ஒருநாள் வரப்போகும் தொலைபேசியைப் பற்றியோ ஒரு சொல் உரைக்கவில்லை. படிவங்கள் நிறையவேண்டும், சங்கத் தலைவர் மேடையில் எண்ணிக்கையை அறிவிக்கவேண்டும். பட்டிமன்றத்திற்கு மூன்று மணி நேரம் ஒதுக்கும் நாம் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குவதில்லை.

சங்கப் பொறுப்பாளர்களை வேண்டுவது இதுவே. மேசையை வாயிலிலிருந்து எடுத்து ஒரு தனி அறையில் இடுங்கள். ஏற்கெனவே கொடையளித்த ஒருவரை அழைத்து வந்து வலியையும் சேர்த்தே பேசச் சொல்லுங்கள். பதினெட்டு வயதானவருக்குத் தாமே முடிவெடுக்கும் உரிமையுண்டு. எனினும் நம் வீடுகள் எப்படிப்பட்டவை என்பதை நாம் அறிவோம், ஆகவே பெற்றோரையும் உடன் அமர்த்துங்கள். ஐயமுள்ளவர் குச்சியைத் தொடாமலே எழுந்து செல்லட்டும். இருநூறு படிவங்களுக்குப் பதில் இருபதே வந்தாலும் எனக்கு வருத்தமில்லை. மருத்துவர்கள் பெரிதும் நாடுவது 18 முதல் 35 வயதுக்குட்பட்டோரை. நாற்பதைக் கடந்த நான் கொடுக்கக்கூடியது ஒரு சனிக்கிழமையும் ஒரு நாற்காலியும்தான். அவை அடுத்த பொங்கல் விழாவிற்கு ஆயத்தமாக உள்ளன.